நாலு சக்கரமும் இழுத்தாலும் திருப்புவது இரண்டுதான்

டார்னெய்ட், மெல்பர்ன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, வளைவில் மட்டும் ஏன் மாமா முன்பக்கம் வெளியே போகுது?" என்று கேட்டாயே, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் நண்பன் முந்திக்கொண்டான். "ஆல்-வீல் டிரைவ் என்றாலே அண்டர்ஸ்டீர்தான் அங்கிள், பிறவிக் குணம்" என்றான். அடுத்த மூச்சிலேயே, "ஆனால் மழையில் ரோட்டை ஒட்டிக்கொண்டு போகும், பயமே வேண்டாம்" என்றான். இரண்டும் தப்பு. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு தப்புகளை ஒரே வாய் எப்படிக் கூசாமல் சொல்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல். டர்போ வைத்த கார்கள் கூடும் எந்த வண்டி நிறுத்தத்திலும் இவ்விரண்டும் காதில் விழும். புது ஓட்டுநர்களுக்கான பி-பிளேட்டைக் கழற்றியதும் பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றை வாங்கப் போகிறேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதனால் இதை எழுத்தில் வைத்துவிடுகிறேன்.

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிப்பவனுக்கு ஸ்லிப் ஆங்கிள் என்றால் என்ன, வளைவில் எடை எப்படி வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது என்றெல்லாம் பாடம் எடுக்க மாட்டேன். நேராக டயரின் கணக்குக்கு வருகிறேன். ஒரு டயர் தரையைப் பிடிக்கும் மொத்த விசைக்கு ஓர் எல்லை உண்டு. அதை இழுக்கவோ, நிறுத்தவோ, திருப்பவோ செலவழிக்கலாம். மாதச் சம்பளத்தைப் பிரிப்பதுபோல இதற்கு இவ்வளவு, அதற்கு இவ்வளவு என்று நேர்க் கழித்தலில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான விசைகள், ஆகவே பித்தகோரஸ் கணக்கு. எல்லையில் 60 சதவீதத்தை இழுப்பதற்குக் கொடுத்தால் திருப்புவதற்கு 40 அல்ல, 80 சதவீதம் மிஞ்சும். 80-ஐ இழுப்பதற்குக் கொடுத்தால் 60 மிஞ்சும். முழுசாக 100-ஐயும் கொடுத்தால் சுத்தமாக ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேரே போகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார். நாலு சக்கர இழுவை டயருக்குப் பிடிப்பைக் கூட்டுவதே இல்லை. எஞ்சினின் விசையை இரண்டு டயருக்குப் பதில் நாலு டயருக்குப் பங்கிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே வளைவிலிருந்து வெளியேறும்போது, ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்த நேரத்தில், அதனால் நல்ல ஆதாயம். வளைவுக்குள் நுழையும்போது? அப்போது நீ பிரேக்கில் இருக்கிறாய். பிரேக் எல்லாக் கார்களிலும் நாலு சக்கரத்துக்கும்தான். உன் அம்மாவின் கரோலாவுக்கும் அப்படித்தான், ஒன்றரை லட்சம் டாலர் ஜெர்மன் காருக்கும் அப்படித்தான். நுழையும்போது முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போனால் அதற்கு நாலு சக்கர இழுவை பெரும்பாலும் காரணம் அல்ல. வேகம் அதிகம், அவ்வளவே.

மழை விஷயத்தில் உன் நண்பன் சொன்னது இன்னும் ஆபத்தான தப்பு. ஈரச் சாலையில் முன்சக்கர இழுவைக் காரில் கொஞ்சம் அழுத்தினாலே சக்கரம் சுழன்று, ஸ்டீயரிங் துடித்து, "ரோடு வழுக்குகிறது" என்று கைக்குச் சொல்லிவிடும். டபிள்யூஆர்எக்ஸ் சொல்லாது. அதே ஈரத்தில் சத்தமில்லாமல் வேகம் எடுத்துக் கொடுக்கும். முதல் தகவல் வளைவில்தான் வரும், அப்போது நீ மற்றவனைவிட இருபது கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் இருப்பாய். பல வாரம் வெயில் அடித்துவிட்டு முதல் தூறல் விழும்போது சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே வரும். அந்த அரை மணி நேரத்துக்கு எந்த டிரைவ் சிஸ்டமும் மருந்து இல்லை.

சரி, பிறகு டபிள்யூஆர்எக்ஸ் ஏன் முன்பக்கம் தள்ளுகிறது? தள்ளுவது உண்மை. காரணம் இழுவை அல்ல, எஞ்சின் உட்கார்ந்திருக்கும் இடம். சுபாருவின் படுக்கை எஞ்சின் தாழ்வாக இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அது முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்சக்கரங்கள் மேல். 1980-இல் வந்த ஆடி குவாட்ரோவிலும் இதே கதைதான், ஐந்து சிலிண்டரும் முன் அச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. டயரின் மேல் எடை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடும். நாலு டயரும் ஒரே அளவு என்றால் கனமான முனைதான் முதலில் தோற்கும். அந்த "பிறவிக் குணம்" முன்பாரத்தின் குணம். ஆல்-வீல் டிரைவின் தலையில் அதைக் கட்டக்கூடாது.

இரண்டாவது காரணம் ஒன்று உண்டு, அது மட்டும் உண்மையிலேயே இழுவையைச் சேர்ந்தது. நடு டிஃபரென்ஷியல். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.65 மீட்டர் என்று வை. பின் அச்சு 10 மீட்டர் ஆரத்தில் மெதுவாகத் திரும்பினால் முன் அச்சு சுமார் 10.35 மீட்டரில் போகும். மூன்றரை சதவீதம் அதிகத் தூரம். அந்த வித்தியாசத்தை யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் இரண்டையும் இறுக்கிக் கட்டிவிட்டால் முன்சக்கரங்கள் பின்னுக்கு இழுக்கப்படும், பின்சக்கரங்கள் முன்னுக்குத் தள்ளும். இரண்டும் சேர்ந்து வண்டியை நேராக்கப் பார்க்கும். கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப்புகளில் நடு டிஃபரென்ஷியலே கிடையாது. கல்லும் மண்ணும் உள்ள பாதையில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் ஃபோர்-வீல் கியரைப் போட்டுத் திருப்பினால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், எங்கோ பல்சக்கரம் முனகும். அதனால்தான் சூரியநெல்லிப் பக்கம் தார் வந்ததும் கியரை எடுத்துவிடுகிறார்கள். புத்தகம் படிக்காமலே அவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது.

நீ பார்த்துவைத்திருக்கும் மேனுவல் டபிள்யூஆர்எக்ஸில் நடுவில் விஸ்கஸ் கப்ளிங் இருக்கிறது. சாதாரணமாக முன்னும் பின்னும் சரிபாதி, வேக வித்தியாசம் கூடினால் இறுகும். அதன் அண்ணனான எஸ்.டி.ஐ.யில் ஓட்டுபவரே இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அங்கே விசை முன்னுக்கு 41, பின்னுக்கு 59 என்று பிரிகிறது. அதை வாங்கியவர்களில் பலர் அந்தக் கட்டுப்பாட்டை முழு இறுக்கத்தில் வைத்துக்கொண்டு, டார்னெய்ட்டின் ரவுண்டபவுட்டுகளில் வண்டி திரும்ப மாட்டேன் என்கிறது என்று குறைபடுகிறார்கள். லெய்க்ஸ் ரோட்டிலும் சேயர்ஸ் ரோட்டிலும் இறுக்கிய டிஃபரென்ஷியலுக்கு என்ன வேலை? ஜல்லிச் சாலைக்கு உள்ள ஏற்பாடு அது.

இப்போது நான் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு காருக்கு வருகிறேன். 1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜி.டி.ஆர். இந்த நாட்டு 'வீல்ஸ்' இதழ்தான் அதற்கு காட்ஸில்லா என்று பட்டம் சூட்டியது. பட்டத்தையும் பளபளப்பையும் நீ ஓரமாக வை, அந்தக் காரின் அடிப்படை யோசனையைப் பார். அதுவரை நாலு சக்கர இழுவை என்றால் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று நிலையாகப் பிரிப்பது என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். நிசான்காரர்கள் அப்படித் தொடங்கவில்லை. இது பின்சக்கர இழுவைக் கார் என்று முதலில் முடிவெடுத்தார்கள். எஞ்சின் விசை முழுவதும் பின்னுக்கு. பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் மட்டும், எண்ணெயில் மூழ்கிய ஒரு கிளட்ச் அடுக்கை ஹைட்ராலிக் அழுத்தத்தால் இறுக்கி, முன்னுக்குப் பாதி வரை அனுப்புவது. அட்டேசா இ-டிஎஸ் என்று அதற்குப் பெயர். 1986-இன் போர்ஷே 959 இந்த வழியில் முன்னோடி. ஆனால் அது கோடீஸ்வரர் கார், இது தொழிற்சாலையில் வரிசையாக வந்த கார்.

அதில் என்னைக் கட்டிப்போட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. பக்கவாட்டு முடுக்கத்தை அளக்கும் சென்சாரை வைத்து, வண்டி வளைவில் எவ்வளவு கடுமையாகத் திரும்புகிறதோ அவ்வளவுக்கு முன்சக்கரத்துக்குப் போகும் விசையை அதன் கணினி குறைத்தது. மேலே சொன்ன பித்தகோரஸ் கணக்கை நினைத்துக்கொள். முன் டயரின் பிடிப்பு முழுவதும் திருப்புவதற்குத் தேவைப்படும் நேரத்தில் அதை இழுவையில் செலவழிக்காதே. வளைவு நிமிர நிமிர இழுக்கச் சொல். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய மின்னணுவில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. என் கருத்து இது, நீ எதிர்த்து வாதாடலாம்: அண்டர்ஸ்டீரைக் குணப்படுத்திய முதல் நாலு சக்கர இழுவைக் கார் அதுதான். பின்னால் வந்தவர்கள் அனைவரும் அந்த வழியில் கிளை பிரித்தவர்கள்.

அந்தக் காரை இங்கே பந்தயத்தில் ஓட்டியது நம் மெல்பர்ன் அணி. அந்த அணியை நடத்திய ஃப்ரெட் கிப்சனின் பட்டறை டாண்டனாங்கில் இருந்தது. இன்று நீ தோசைக்கும் புட்டுக்கும் போகிற அதே டாண்டனாங். 1991 பாத்தர்ஸ்ட் 1000-ஐ ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் அதில் வென்றார்கள். ஜப்பானியக் கார் ஒன்று அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. அந்தப் பந்தயம் நடக்கும் மவுண்ட் பனோரமாவின் ஒரு சுற்று 6.213 கிலோமீட்டர், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 174 மீட்டர் உயர வித்தியாசம். ஏற்றத்தில் இழுவை வேண்டும், உச்சியில் குறுகிய சுவர்களுக்கு நடுவே திரும்பும் குணம் வேண்டும். இரண்டையும் ஒரே காரில் கேட்கும் தடம் வேறு அதிகம் இல்லை. பந்தய நிர்வாகிகள் கூடுதல் எடையைச் சுமத்தினார்கள், டர்போ அழுத்தத்துக்கு வரம்பு போட்டார்கள், அப்படியும் 1992-இல் அதே ஜோடி மறுபடி வென்றது.

ஆனால் அந்த 1992 வெற்றி எப்படி வந்தது என்பதைத்தான் நீ மனப்பாடம் செய்ய வேண்டும். முடிவு நெருங்கும் நேரத்தில் கொட்டித் தீர்த்தது மழை. முன்னணியில் இருந்த ரிச்சர்ட்ஸ், வரிகள் இல்லாத வழவழப்பான ஸ்லிக் டயரில் இருந்தார். உலகின் மிகப் புத்திசாலியான நாலு சக்கர இழுவை, இந்த நாட்டின் மிகச் சிறந்த ஓட்டுநர்களில் ஒருவர். வண்டி சுவரில் இடித்தது. இடித்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர், ஃபாரஸ்ட்ஸ் எல்போ வளைவைத் தாண்டி, ஏற்கெனவே சிதறிக் கிடந்த கார்களில் போய் மோதி நின்றார். சிவப்புக் கொடி. முந்தைய சுற்றுக் கணக்கை எடுத்து வெற்றி அறிவித்தார்கள், கூட்டம் ஊளையிட்டது. சண்டையை விடு. தண்ணீரைப் பிளந்து தள்ள டயரில் வரிகள் இல்லை என்றால் அட்டேசாவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மழையில் ஒட்டிக்கொண்டு போகும் என்று யாராவது சொன்னால் அவரிடம் இதைச் சொல். அடுத்த வருடம் விதி மாறி வி8 கார்கள் வந்தன. இன்றுவரை அந்தப் பந்தயத்தில் முதலிடம் பெற்ற நாலு சக்கர இழுவைக் கார் அது ஒன்றுதான்.

முன்பக்கம் தள்ளும் பிரச்சினை அதற்கும் பழையது. 1961-இல் ஸ்டெர்லிங் மாஸ், நாலு சக்கர இழுவை ஃபெர்குசன் பி99 காரில், ஈரமான ஓல்டன் பார்க்கில் கோல்டு கப் வென்றார். அதை நம்பி 1969-இல் லோட்டஸ், மாட்ரா, மெக்லாரன் எல்லாம் ஃபார்முலா 1-க்கு அப்படியொரு கார் செய்து பார்த்தன. எடை கூடியது, வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளியது, ஓட்டுநர்கள் வெறுத்தார்கள். ஒரே பருவத்தில் கதை முடிந்தது. அதற்குள் டயர்கள் அகலமாகிவிட்டன, இறக்கைகள் வந்துவிட்டன, பின்சக்கரம் இரண்டே போதும் என்றாகிவிட்டது.

வில்லியம் மில்லிகனும் டக்ளஸ் மில்லிகனும் 1995-இல் வெளியிட்ட 'ரேஸ் கார் வெஹிக்கிள் டைனமிக்ஸ்' புத்தகத்தைத் தேடிப் பிடி. தலையணைப் பருமன். எனக்கு அந்த மூத்த மில்லிகன் மேல் தனிப் பிரியம். விமானங்களின் நிலைப்புத்தன்மையை ஆராய்ந்தவர், அந்தக் கணிதத்தைக் காருக்குக் கொண்டுவந்தார். நாலு சக்கரமும் இழுக்கும் மில்லர் பந்தயக் காரைத் தாமே ஓட்டியவர். 1948-இல் வாட்கின்ஸ் கிளென்னில் அவர் புகாட்டியைக் கவிழ்த்த வளைவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சமன்பாடு எழுதுகிறவன் தன் உடம்பாலும் அதை உணர்ந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கத் தொடங்கியது அவரைப் படித்த பிறகுதான். உன் பாடத்திட்டத்தில் இருக்கும் சைக்கிள் மாடல் அத்தியாயத்தை அவரிடம் ஒருமுறை படி.

இன்றைய கார்கள் எங்கே வந்து நிற்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996-இன் மிட்சுபிஷி இவோ 4, பின் அச்சில் இடதுக்கும் வலதுக்கும் விசையை மாற்றி அனுப்பியது. வெளிப்பக்கப் பின்சக்கரத்துக்குக் கூடுதலாகத் தள்ளினால் வண்டியே உள்பக்கம் சுழலப் பார்க்கும். 2016 ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்எஸ், பிறகு மெர்சிடிஸ் ஏ45, ஆடி ஆர்எஸ்3, இப்போதைய கோல்ஃப் ஆர் எல்லாம் பின்பக்கம் இரண்டு கிளட்ச் வைத்து அதைச் செய்கின்றன. நல்ல பொறியியல். ஆனால் இந்தப் பின்பக்க இரண்டு கிளட்ச் ஏற்பாடும் ஆக்சிலரேட்டரில் கால் இருந்தால்தான் வேலை செய்யும். அனுப்புவதற்கு விசை இருந்தால்தானே திசைமாற்ற முடியும்? அதிவேகமாக நுழைந்துவிட்டு, பட்டன் காப்பாற்றும் என்று இருப்பவனுக்கு அங்கே உதவி கிடையாது.

தொழிற்சாலைகள் வேண்டுமென்றேதான் கொஞ்சம் அண்டர்ஸ்டீர் வைத்து அனுப்புகின்றன என்பதையும் தெரிந்துகொள். பயந்தவன் இயல்பாகச் செய்வது காலை எடுப்பது. காலை எடுத்தால் எடை முன்னுக்கு வரும், முன் டயர் மறுபடி பிடிக்கும். பின்பக்கம் சுழன்று வந்தால் சாதாரண ஓட்டுநருக்கு அந்த மாதிரி இயல்பான மருந்து இல்லை. ஆகவே அதைக் குறை என்று சொல்லாதே, அளவு என்று சொல்.

உன் நண்பன் முன்பக்க ஆன்ட்டி-ரோல் பாரைத் தடிமனாக்கச் சொன்னான் அல்லவா? அதைக் கேட்டதும் எனக்குக் கோபமே வந்தது. முன்பக்கத்தை இறுக்கினால், உடல் சாய்வதைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு முன் அச்சுக்குப் போகும். வெளிப்பக்க முன்டயருக்கு இன்னும் பாரம், அதன் திறமை இன்னும் குறையும், அண்டர்ஸ்டீர் கூடும். இறுக்க வேண்டியது பின்பக்கம், அதுவும் அளவோடு. ஸ்ட்ரட் சஸ்பென்ஷனில் உடல் சாயும்போது சக்கரத்தின் சாய்வுக் கோணமான கேம்பர் கெட்டுப்போவதை முன்பக்க பாரும் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலையை முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் கொடுத்தே சாதிக்கலாம். நல்ல வீல் அலைன்மென்ட் கடையில் ஒரு மணி நேர வேலை, பார் வாங்கும் செலவில் சின்னப் பங்கு.

ஓட்டும் முறையைப் பற்றி ஒன்றே ஒன்று. முன்பக்கம் தள்ளத் தொடங்கினால் எல்லோரும் ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்கிறார்கள். டயர் அதன் உச்ச ஸ்லிப் ஆங்கிளை ஏற்கெனவே தாண்டிவிட்டது. மேலும் ஒடித்தால் பிடிப்பு குறையும். ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்து, ஸ்டீயரிங்கைச் சற்று நேராக்கு, பிடித்ததும் மறுபடி திருப்பு. வெடுக்கென்று காலை எடுக்காதே, பின்பக்கம் லேசாகிச் சுற்றிவிடும். ராலி ஓட்டுநர்கள் இதை முன்கூட்டியே தீர்க்கிறார்கள். இடது காலால் பிரேக்கைத் தொட்டு, முன்சக்கரத்துக்குப் பாரம் கொடுத்து, வண்டியைத் திருப்பிவிட்ட பிறகே விசை கொடுப்பார்கள். 2012-இல் ஆசிய பசிபிக் ராலி பட்டத்தை ஆஸ்திரேலியரான கிறிஸ் அட்கின்சன் வென்றது நம் சென்னையின் எம்.ஆர்.எஃப். அணிக்காக, நாலு சக்கர இழுவை ஸ்கோடா ஃபேபியாவில். அடுத்த வருடம் அதே அணியில் கௌரவ் கில். அவர்களுடைய பழைய வீடியோக்களைப் பார். காரை வேகப்படுத்துவதற்கு முன்பே அது திரும்பி முடித்திருப்பதைக் கவனி. பார்த்துவிட்டு ரீஃப்டன் ஸ்பர் மலைச் சாலையில் முயன்று பார்க்கப் போகாதே. எல்லை தேட வேண்டுமானால் சாண்டவுன் போன்ற மூடிய தடத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, பணம் கட்டித் தேடு. விக்டோரியாவில் டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வண்டியைப் பி-பிளேட்டில் ஓட்டத் தடை இருப்பது உன்னைத் துன்புறுத்த அல்ல. நான் அந்தச் சட்டத்தின் பக்கம்.

வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன் குனிந்து நாலு டயரையும் பார். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நாலும் ஒரே பிராண்டா, ஒரே அளவா, தேய்மானம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார். இரண்டு புதுசு, இரண்டு பழசு என்றால் சுற்றளவு வித்தியாசப்பட்டு நடு டிஃபரென்ஷியல் ஒவ்வொரு கிலோமீட்டரும் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதே. நல்ல வண்டி கிடைத்தால் வாங்கிய கையோடு முதல் செலவு நல்ல டயருக்கு, இரண்டாவது அலைன்மென்ட்டுக்கு. மற்ற எதற்கும் ஆறு மாதம் காசு செலவழிக்காதே. போகுமுன் எனக்குப் போன் செய், நானும் வருகிறேன்.

அன்புடன்,
மாமா